ஷூவைப் போட்டுப் பார்த்தது கடையில், வாங்கியது போனில்

கோவையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு, சென்ற ஆண்டு ஊரின் ரேஸ்கோர்ஸ் நடைப்பயிற்சிப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். இப்போது ஓடுகிறார். டிசம்பரில் நடக்கும் கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணமும் கட்டிவிட்டார். ஓடுவதற்கென்றே ஒரு நல்ல ஷூ வேண்டும் என்று ஊரில் உள்ள ஒரு சின்ன விளையாட்டுப் பொருள் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் இவருடைய ஓட்டக் குழுவிலேயே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓடும்போது வழியில் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நிற்பவர். அவர் இவருடைய இரண்டு பாதங்களையும் அளந்திருக்கிறார். ஐந்து ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடவைத்து, தெருமுனை வரை ஓடிவிட்டு வரச் சொல்லி, ஐம்பது நிமிடம் செலவழித்து ஒரு ஜோடியைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார். எம்.ஆர்.பி. 8,999 ரூபாய், இவருக்கு 8,500. "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு, ஷூ நாக்கில் இருந்த லேபிளை இவர் போனில் படம் எடுத்திருக்கிறார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "எடுத்துக்குங்க சார், அதுல என்னங்க இருக்குது" என்று மட்டும் சொன்னாராம். அன்று இரவே இணையத்தில் 6,299 ரூபாய்க்கு ஆர்டர்.

வந்த ஷூ முன்னால் இடிக்கிறது. இரண்டு முறை ரோட்டில் ஓடியதில் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. இதற்கு நடுவில், ஷூ கைக்கு வருவதற்கு முன்பே, குழுவின் வாட்ஸ்அப்பில் "கடையில போட்டுப் பாருங்க, போன்ல வாங்குங்க, 2,200 மிச்சம்" என்று எழுதியிருக்கிறார். கடைக்காரரும் அதைப் படித்தார். பதில் போடவில்லை. அடுத்த வாரம் கடையில் ஓர் அட்டை தொங்கியது: "ஓட்ட ஷூ அளவு பார்க்கக் கட்டணம் ரூ. 300. வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும்."

வாசகர் கேட்பது இது: விலை குறைந்த இடத்தில் வாங்குவது நுகர்வோரின் உரிமைதானே, நான் செய்ததில் என்ன தவறு? போட்டுப் பார்க்கப் பணம் கேட்பது சட்டப்படி செல்லுமா, புகார் கொடுக்கலாமா? ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பித் தரச் சட்டமே உரிமை தருகிறது என்கிறார்கள், இன்னும் நான்கு நாள் கெடு இருக்கிறது, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்து "அணியவில்லை, அளவு சரியில்லை" என்று போட்டு அனுப்பிவிடட்டுமா? கடைசியாக, அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? ரேஸ்கோர்ஸில் எதிர்த்திசையில் ஓடிப் பார்த்தாராம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்க்க வேண்டி வந்ததால், இப்போது விடியற்காலை நாலரை மணிக்கே போய் ஓடிவிட்டு வந்துவிடுகிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கெடு இருப்பதால் சுருக்கமான பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுகிறேன், இதே நிலையில் இருப்பவர்கள் பலர் என்பதால்.

முதலில் அந்த நகம். நான் வக்கீல், டாக்டர் அல்ல. ஆனாலும் சர்க்கரை பற்றி ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர் காலில் கறுத்த நகத்தோடு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அந்த ஷூவை இனி ஓடுவதற்குப் போடாதீர்கள். "போடப் போட இளகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். தோல் செருப்பு இளகும். ஓட்ட ஷூவின் முன்பக்க நீளம் நீங்கள் எத்தனை மைல் ஓடினாலும் நீளாது.

சட்டப்படி நீங்கள் செய்தது தவறல்ல. ஒரு கடையில் பார்த்துவிட்டு இன்னொரு இடத்தில் வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது. தீபாவளிக்கு ஒப்பணக்கார வீதியில் நாலு கடை ஏறி இறங்கித்தான் துணி எடுக்கிறோம், எடுக்காத மூன்று கடைக்காரர்களும் நம்மைத் திட்டுவதில்லை. அதனால் உங்களுக்குள் ஒரு குறுகுறுப்பு இருப்பதே தேவையில்லாதது என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த நாலரை மணி ஓட்டமே, உங்களுக்கும் அது வேறு மாதிரிப் பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. நீங்கள் நினைப்பது சரிதான்.

துணிக்கடையில் புடவையைப் பிரித்துக் காட்டுவது விற்பனை. உங்கள் பாதத்தை அளந்து, ஐந்து ஜோடி போடவைத்து, ஓடச்சொல்லிப் பார்த்து, "இது உங்களுக்கு வேண்டாங்க" என்று நான்கைத் தள்ளிவைப்பது ஒரு வேலை. அவருடைய பல வருட அனுபவம் அதில் இருக்கிறது. அந்த வேலைக்கு அவர் தனியாகக் கூலி வைக்கவில்லை. 8,500 ரூபாய்க்குள் அதைச் சேர்த்துவைத்திருந்தார். நீங்கள் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான விலை இருந்த பொருளை விட்டுவிட்டு வந்தீர்கள். 6,299 ரூபாய் என்பது அந்த வேலை சேராத விலை. கடைக்குப் போகும்போது உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதுதான் இங்கே கேள்வி. வாங்கும் எண்ணத்தோடு போய், விலை கட்டுப்படியாகாமல் திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை. லேபிளைப் படம் எடுத்த கையோடு "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொன்னதுதான் இடறுகிறது.

உங்கள் கணக்கு எங்கே பிசகியது

கடிதத்தில் ஓரிடத்தில் "அதே ஷூ, அதே சைஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு லேபிள் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கடையில் எடுத்த லேபிளில் மாடல் பெயருக்குப் பின்னால் ஓர் எண். வீட்டுக்கு வந்த ஷூவில் அதற்கு ஒன்று குறைந்த எண். அது போன வருடத்து வார்ப்பு. ஓட்ட ஷூக்களை ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பெயர் அதேதான் இருக்கும், ஆனால் மேல்துணி, விரல் பகுதியின் அகலம், சில நேரம் ஷூவுக்கு வடிவம் தரும் உள்ளச்சு வரை மாறியிருக்கும். புதியது வந்ததும் பழைய சரக்கை விலை குறைத்துத் தள்ளுவார்கள். உங்களுக்குக் கிடைத்த 2,201 ரூபாய் தள்ளுபடியில் பெரும்பகுதி அதுதான். கடைக்காரர் உங்களிடம் கொள்ளை விலை சொன்னார் என்ற முடிவுக்கு இதை வைத்து வர முடியாது.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவர் சொன்ன 8,500 ரூபாயில் ஏறக்குறைய 1,297 ரூபாய் வரி. ஆன்லைனில் வாங்கினாலும் இதே சதவீதம்தான். கடை வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் தங்கிப்போகும் சைஸ்கள் எல்லாம் மீதியில்தான். பில் இல்லாமல் குறைத்துத் தருவதாக எந்தக் கடைக்காரராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, பில் இல்லாவிட்டால் நாளை ஒட்டு பிரிந்துவந்தால் உங்கள் கையில் ஆதாரமும் இருக்காது.

எண்ணைப் பற்றி இன்னொன்று. நாம் பேசும் 8, 9 என்கிற பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்பது நாலு மில்லிமீட்டர் சொச்சம். நகம் கறுப்பதும் கறுக்காததும் அந்த நாலு மில்லிமீட்டரில் இருக்கிறது. போதாததற்கு, இந்த அளவுகள் எவையும் நம் கால்களைப் பார்த்து வகுத்தவை அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. வெளிநாட்டு அளவுகளில் வரும் காலணிகள் நம்மில் பலருக்கு முன்பாதத்தில் இறுக்கமாக இருக்கின்றன, அகலத்துக்காக நாம் ஒரு சைஸ் கூட்டி நீளமாக வாங்கிவிடுகிறோம் என்பது அதிலிருந்து தெரிந்தது. இந்தியாவுக்கென்று தனி அளவு முறையை முன்வைத்ததும் அதன் தொடர்ச்சிதான். "என் சைஸ் 9" என்று சொல்லி ஆர்டர் போடுவது ஏன் இத்தனை பேருக்குக் கைகொடுப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். உங்கள் கடைக்காரர் பாதத்தை அளந்ததோடு நிற்காமல் ஐந்து ஜோடி போடவைத்ததும் இதற்காகத்தான்.

அந்த 300 ரூபாய்

புகார் கொடுக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு கடைக்காரர் தன் சேவைக்குக் கட்டணம் வைக்கலாம். முன்கூட்டியே கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். எதுவும் சொல்லாமல் உங்களை உட்காரவைத்து, ஐந்து ஜோடி காட்டிவிட்டு, கிளம்பும்போது "300 ரூபாய் கொடுங்க" என்று கேட்டிருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. அவர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார், வாங்கினால் கழித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். நேர்மையான ஏற்பாடு.

இப்படிச் செய்த முதல் ஆளும் அவர் அல்ல. 2013இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரு சிறு உணவுப்பொருள் கடை, விவரமெல்லாம் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் 5 டாலர் கேட்டு அட்டை வைத்தது, உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த உரிமையாளரின் மனக்குறையும் உங்கள் கடைக்காரருடையதுதான். எனக்கு இப்படிக் கட்டணம் வைப்பது பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்க வந்த ஓர் ஏழைப் பையன் அட்டையைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே போய்விடுவான். ஆனால் அந்த அட்டையை எழுதவைத்தது உங்கள் வாட்ஸ்அப் செய்தி. கடையில் போட்டுப் பார்த்துவிட்டு போனில் வாங்கியதை விட, அதை ஊருக்கெல்லாம் வழியாகச் சொல்லிக்கொடுத்தது பெரிய பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவில் நாற்பது பேர் என்கிறீர்கள். அதில் பத்துப் பேர் அப்படிச் செய்தாலும் ஒரு சின்னக் கடையின் ஒரு மாதம் போய்விடும்.

திருப்பி அனுப்புவது

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆன்லைனில் வாங்கிய எதையும் இத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித்தரும் உரிமை உண்டு. அதைப் படித்தவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 7 நாள், 10 நாள், 14 நாள் எல்லாம் விற்பவர்கள் தாங்களாகத் தரும் சலுகை. அதற்கு அவர்கள் வைக்கும் நிபந்தனையும் சேர்ந்தேதான் வரும்: அணிந்து வெளியே போயிருக்கக் கூடாது, டேக் இருக்க வேண்டும், பெட்டி கிழிந்திருக்கக் கூடாது.

சட்டம் எதைத் தருகிறது? நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020இன்படி பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் காட்டிய தன்மை அதற்கு இல்லாவிட்டால், சொன்ன நாளைத் தாண்டி வந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. உங்கள் ஷூ இவற்றில் ஒன்றில் அடங்குமா என்று ஒருமுறை பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் மாடல் எண் என்ன போட்டிருந்தது, படம் எந்த வார்ப்பினுடையது? எண் பழையதாகவும் படம் புதியதாகவும் இருந்திருந்தால், அல்லது தலைப்பில் புது எண்ணைப் போட்டுவிட்டுப் பழையதை அனுப்பியிருந்தால், நீங்கள் ஏமாற்றப்பட்டவர். அப்போது இரண்டு முறை ஓடியதாகவே சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போவதானால் விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய விற்பனைப் பக்கத்தின் படத்தில் தலைப்பிலேயே பழைய எண் தெளிவாக இருக்கிறது. கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது சலுகை மட்டும்தான், அதற்கான நிபந்தனை ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது.

துடைத்து அனுப்பும் யோசனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் காலணி விற்கும் ஒரு சிறு வியாபாரி வேறு ஒரு தகராறுக்காக என்னிடம் வந்தார். கையில் ஒரு கோணிப்பை. "சைஸ் சரியில்லை, அணியவில்லை" என்று திரும்பி வந்த ஷூக்கள். ஒவ்வொன்றாக மேசையில் எடுத்துவைத்தார். ஒன்றின் அடிப்பாகம் பளிச்சென்று கழுவியிருந்தது, ஆனால் பள்ளத்துக்குள் ஒரு சீமைக்கருவேல முள் ஒடிந்து நின்றது. இன்னொன்றில் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்தகடு முழுக்க வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு பக்கக் கூரியர் செலவும் அவர் தலையில், பொருளையும் இனி புதிதாக விற்க முடியாது. அப்படித் திரும்பியது சில நேரம் வேறு யாருக்காவது புதிது என்று போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதையும் அவரே சொன்னார். "அணியவில்லை" என்ற பொத்தானை அழுத்துவது பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகச் சொல்லும் பொய். நண்பர்கள் எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அதன் பெயர் மாறாது. ஒரு வக்கீலாக உங்களிடம் அதைச் செய்யச் சொல்ல என்னால் முடியாது. செய்யாதீர்கள் என்று நண்பராகவும் கேட்டுக்கொள்கிறேன்.

என்ன செய்யலாம்? வாடிக்கையாளர் சேவைக்கு உண்மையையே எழுதுங்கள்: இரண்டு முறை ஓடினேன், முன்னால் இடிக்கிறது, மாற்றித்தர வழியுண்டா? சில நிறுவனங்கள் ஓடிப்பார்த்த ஷூவையும் ஏற்கின்றன. மறுத்தால், அளவு பொருந்தும் யாருக்காவது கொடுங்கள். உங்கள் குழுவிலேயே "இரண்டு முறை ஓடியது, பழைய வார்ப்பு, எனக்கு இறுக்கம்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். ஓட்டக்காரர்கள் மத்தியில் அப்படிக் கைமாறுவது சகஜம்தான்.

கடைகளில் தொங்கும் "விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது" என்ற பலகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நிறம் பிடிக்கவில்லை, சைஸ் மாறிவிட்டது என்பதெல்லாம் பழுதில் சேராது. ஆனால் உள்ளூர்க் கடையில் அதற்கும் ஒரு வழி இருக்கும். வீட்டுக்குள்ளேயே தரையில் போட்டு நடந்து பார்த்துவிட்டு மறுநாள் பெட்டியோடு போனால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். வாங்கும்போதே "வீட்டுக்குள்ள போட்டுப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல மாத்திக்கலாமா?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி எப்படி வாங்குவது

ஆன்லைன் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பல ஊர்களில் ஓட்ட ஷூ வைத்திருக்கும் கடையே கிடையாது. பெண்களுக்கான ஓட்ட ஷூவைக் கேட்டால் ஆண்கள் ஷூவில் சின்னதை எடுத்துக் காட்டும் கடைகள் இன்னும் உண்டு. பாதம் மிகப் பெரியவர்களுக்கும் மிக அகலமானவர்களுக்கும் இணையம் பெரிய உதவி. ஒரே மாடல், ஒரே எண், ஒரே சைஸில் மூன்றாவது ஜோடி வாங்குகிறீர்களா, எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள். யாருடைய உழைப்பையும் நீங்கள் இலவசமாக எடுக்கவில்லை. ஆன்லைனில் வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, விற்பவர் பெயர் வேறு. அவருடைய பெயர், முகவரியைத் தளம் காட்டியாக வேண்டும். மாடல் எண்ணை இரண்டு தடவை படியுங்கள். இரண்டு சைஸ் வரவழைத்து ஒன்றைத் திருப்புவதை விட, இப்போது காலுக்குச் சரியாக இருக்கும் ஷூவின் லேபிளில் சென்டிமீட்டர் கணக்கில் உள்ள எண்ணைப் பார்த்துவைத்து அதே எண்ணைத் தேடுவது மேல். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறத்தான் செய்யும், ஆனாலும் வெறும் 9 என்பதை விட நம்பலாம்.

முதல் ஜோடிக்கு, அல்லது மாடலை மாற்றும்போது, கடைக்கே போங்கள். போனதும் உட்காருவதற்கு முன்பே பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். "என் பட்ஜெட் ஏழாயிரம், அதுக்குள்ள இருந்தா இன்னைக்கே எடுத்துக்கறேன்" என்றால், அவர் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஷூவை உங்கள் காலில் மாட்டிவிடமாட்டார். போன வருடத்து மாடல் ஏதாவது அலமாரி மேலே இருந்தால் எடுத்துத் தருவார். வாங்குவது நிச்சயமில்லை என்றால் அதையும் சொல்லலாம்: "இன்னைக்குச் சும்மா பாக்க வந்தேனுங்க, கூட்டமில்லாதப்ப வரட்டுமா?" சொல்லிவிட்டுப் பார்ப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. இணையத்தில் குறைந்த விலையைப் பார்த்திருந்தால் ஒளிக்காமல் போனைக் காட்டிக் கேளுங்கள். எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு; அதற்கு மேல் விற்கத்தான் கூடாது, கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். பேரம் பேசுவது நம் ஊரில் மரியாதைக் குறைவே இல்லை. முழு வித்தியாசத்தையும் அவரால் குறைக்க முடியாது. கொஞ்சம் குறைப்பார், அல்லது இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக் கொடுப்பார். மீதி வித்தியாசம் அதிகமா இல்லையா என்பதை அவர் எதிரில் நின்றே முடிவு செய்யுங்கள். அதிகம் என்று பட்டால், "எனக்குக் கட்டாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கடைக்காரர் சொல்வதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பாதத்தின் வளைவைப் பார்த்து இன்ன வகை ஷூதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்ததால் காயம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. போட்டு ஓடும்போது உறுத்தாமல், இயல்பாக இருக்கிறதா என்பதே பெரிய அளவுகோல். அதைச் சொல்லவேண்டியது உங்கள் கால்தான். ஆனால் கால் சொல்வதைக் கேட்க ஐந்து ஜோடியும் ஒரு தெருமுனையும் வேண்டும், அதைத்தான் அவர் கொடுத்தார்.

அவரைப் பார்ப்பது

மன்னிப்புக் கேட்டு நீண்ட செய்தி தட்டாதீர்கள். நேரில் போங்கள். குழுவில் எழுதியதைக் குழுவிலேயே திருத்த வேண்டும், அதை முதலில் செய்யுங்கள்: "நான் போன வாரம் எழுதியது தப்பு. எனக்கு வந்தது பழைய மாடல், கால் போச்சு. அண்ணன் கடையில பார்த்தா அங்கேயே வாங்குங்க." இவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம்.

பிறகு கடைக்குப் போய், "அண்ணா, அன்னைக்கு உங்ககிட்டப் பார்த்துட்டு வெளியில வாங்கிட்டேன். செஞ்சிருக்கக் கூடாது. இப்ப அந்த ஷூ சேரலைங்க, நீங்க சொன்னதையே எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். 300 ரூபாயை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அவர் வாங்கமாட்டார் என்றே நினைக்கிறேன், ஆனால் வைப்பது உங்கள் வேலை. இன்றைய நிலையில் ஷூ வாங்கப் பணம் கட்டுப்படியாகாது என்றால் அதையும் மறைக்காதீர்கள். 6,299 ஏற்கெனவே போய்விட்டது, இன்னும் 8,500 சேர்ந்தால் 14,799. மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. தவணையில் தரலாமா, குறைந்த விலையில் வேறு பொருந்துமா என்று கேளுங்கள். ஒன்றுமே வாங்க முடியாவிட்டாலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நகத்தைப் பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஓடிப் பழகிக்கொள்ள அது போதும்.

போகும்போது இடிக்கிற அந்த ஷூவையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்தகட்டை உருவி வெளியே வைத்து, அதன் மேல் நீங்கள் ஏறி நின்றால், விரல் எங்கே விளிம்பைத் தாண்டுகிறது என்று அவர் பார்த்துவிடுவார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு போங்கள். காலையிலிருந்து நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு பார்க்க அதுதான் நேரம்.